சத்து மாத்திரை

மாத்திரைப் புட்டியில் ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுக்க ஜசிந்தாவுக்கு அரைமணி நேரம் பிடித்தது. வெந்நீரில் ஊறப்போட்டாள், நகத்தால் கீறினாள், கடைசியில் மீன் செதிள் உரசும் கத்தியையே எடுத்துவிட்டாள். தாளில் கஸ்பாரின் பெயர் இருந்தது, நீளமாக ஓர் எண் இருந்தது, 'புற்றுநோய்ப் பிரிவு' என்று இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளை அவள் படிக்கவில்லை. 'புற்று' என்ற எழுத்துகளைக் கண்டதுமே கத்தி அங்கே போய்விட்டது.

மாத்திரைகளைப் பழைய சத்து மாத்திரை டப்பா ஒன்றில் கொட்டி மூடினாள். குலுக்கிப் பார்த்தாள். சத்தம்கூடச் சத்து மாத்திரை மாதிரியே கேட்டது.

பொய் சொல்வதில் ஜசிந்தா கைதேர்ந்தவள் இல்லை. ஐம்பத்தாறு வயதுக்குள் அவள் சொன்ன பெரிய பொய், மாமியார் வைத்த குழம்பு நன்றாக இருக்கிறது என்பதுதான். ஆனால் இந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் கஸ்பார் செத்துப்போவார் என்று அவள் நம்பினாள். அதற்குக் காரணமும் இருந்தது. கஸ்பாரின் அண்ணனுக்கு வயிற்றில் இதே நோய் வந்தபோது டாக்டர் பட்டென்று பெயரைச் சொல்லிவிட்டார். அன்று படுத்த மனுசன் சோற்றைத் தொடவில்லை. நாற்பதாம் நாள் பெட்டியில் போனார். "நோயி கொல்லல, அந்தப் பேருதான் கொன்னுச்சு" என்று அப்போது கல்லறையில் நின்று சொன்னது வேறு யாருமில்லை, கஸ்பார்தான்.

கஸ்பார் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுபவர். மற்றத் துறைமுகங்களில் எல்லாம் ஏலம் திரைக்கு மாறிவிட்டது; வாங்குபவன் கொச்சியில் படுத்துக்கொண்டு விரலால் விலை கேட்கிறான். இங்கே மட்டும் வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. மனுசன் வாயால் கூறினால்தான் மீன், இல்லாவிட்டால் அது வெறும் படம் என்றார்கள். அந்த வாய் கஸ்பாருடையது. நாற்பது வருடம் கடற்காற்றுக்கு மேலே கேட்ட குரல் தை மாதத்தில் கம்மத் தொடங்கியது. மாசியில் குரல்வளையில் கட்டி என்று ஸ்கேன் படம் காட்டியது.

"தொண்டையில காய்ப்பு விழுந்திருக்காம்" என்றாள் ஜசிந்தா அவரிடம். "கையில விழுகதில்லையா, அது மாதிரி. நாப்பது வருசம் கத்துனா விழாம என்ன செய்யும்? கரண்டு வச்சுக் கரைச்சிருவாவளாம். முப்பது நாளு."

"காய்ப்பா?" கஸ்பார் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "உழைச்ச தொண்டைட்டி."

பத்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பொய் மூன்று வாரம்கூடத் தாங்கியிருக்காது. ஊரார் கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாயெல்லாம் புண்ணாகும், கழுத்துத் தோல் கருகும், எச்சில் வற்றும், ருசி செத்துப்போகும். இப்போது அதற்கு மாத்திரை வந்துவிட்டது. நோயாளியின் ரத்தத்தை எடுத்து மூன்று வாரத்தில் அவருக்கென்றே செய்து தருகிறார்கள். காலையில் ஒன்று, கரண்டுக்கு ஒருமணி நேரம் முன்னால் ஒன்று. வலியில்லை, புண்ணில்லை. வலியைக் குறைக்கத்தான் டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து நோயையே மறைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது நம் குடும்பங்கள். ஆஸ்பத்திரியும் சும்மா இருக்கவில்லை. பிரிவின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு 'ஒளிச் சிகிச்சை' என்று மாட்டியது. சேர்க்கைப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டாம்.'

ஜசிந்தா அந்தக் கட்டத்தில் டிக் போட்டபோது டாக்டர் சுலைஹா பேனாவைத் திரும்ப வாங்காமல் அவளையே பார்த்தார்.

"யோசிச்சுத்தான் போட்டீங்களாம்மா?"

"யோசிச்சுத்தான் டாக்டர்."

"சரி. மாத்திரை லேபிள்ல இருக்கறத மட்டும் நல்லாப் படிச்சுக்கோங்க."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பதினொரு மணிக் கரண்டுக்குப் பத்து மணிக்கே கஸ்பார் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். பேசாதே என்று டாக்டர் சொன்னதை அவர் கத்தாதே என்று எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் மெதுவாகப் பேசினார். கூடத்தில் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். யாரைப் பார்த்தாலும் நோயாளி மாதிரியே இருக்காது. ஒருவருக்கு நரம்புச் சுளுக்காம், ஒருவருக்குச் சளிக் கட்டியாம், ஒருவருக்குப் பழைய அடியாம். கஸ்பார் எல்லாருடைய வியாதியையும் கேட்டு வைத்துக்கொண்டு வீட்டில் வந்து ஜசிந்தாவுக்கு ஒப்பித்தார். அவள் அடுப்படிப் பக்கம் போய்விடுவாள்.

கூடத்தில் ஒருத்தி மட்டும் நோயாளியாகத் தெரிந்தாள். பேச்சித்தாய், முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவள், நாற்பது வயதிருக்கும். கன்னத்துக்குள் கட்டி. கட்டி முற்றியிருந்ததால் மாத்திரை செய்யும் மூன்று வாரம் காத்திருக்க முடியாது என்று நேரே கரண்டு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாயில் துண்டை வைத்துக்கொண்டு சுவர் ஓரமாகச் சுருண்டிருப்பாள். தண்ணீர் குடித்தால் கண்ணீர் வரும். புருசன் மாடசாமி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பான்.

"பாவம்ட்டி அந்தப் புள்ள" என்றார் கஸ்பார். "பல்லு வேருல சீழாம். நமக்கு ஒண்ணும் செய்யல, அதுக்கு மட்டும் இந்தக் கரண்டு இப்பிடி எரிக்குது பாரு."

பதினோராம் நாள் கஸ்பார் சாளைக் குழம்பில் உப்பு இல்லை என்றார். ஜசிந்தா நாக்கில் விட்டுப் பார்த்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவரோ இரண்டாவது தடவையாக உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டார். மறுநாள் முகம் மழிக்கும்போது கழுத்தில் வெயில் பட்ட மாதிரி ஒரு கருப்பு தெரிந்தது. அதற்கு மறுநாள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்.

மாத்திரை கேட்கவில்லையா? நோய் முற்றுகிறதா? டப்பாவைத் திறந்து எண்ணினாள். இருக்க வேண்டியது இருந்தது. காலையில் காப்பித் தம்ளரோடு அவள்தான் எடுத்து வைக்கிறாள். கூடத்தில் இரண்டாவதை அவள் கண் முன்னால்தான் விழுங்குகிறார். பிறகு எங்கே தப்பு? மாதாவிடம் கேட்டாள். மாதா பதில் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்கவோ அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கெட்டிக்காரி அல்லாத ஜசிந்தாவின் புளுகு பதினான்காம் நாள் முறுக்குச் சத்தத்தில் உடைந்தது.

அன்று சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பியவள், யாரோ கடக்கு கடக்கென்று முறுக்கு கடிக்கும் சத்தத்தைக் கேட்டாள். பார்த்தால் பேச்சித்தாய். வாயில் துண்டைக் காணோம். மடியில் முறுக்குப் பொட்டலம். பக்கத்தில் கஸ்பார் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க மதினி, ஒரு முறுக்கு எடுங்க" என்றாள் பேச்சித்தாய். குரல்கூடத் தெளிந்திருந்தது.

"வாயி... புண்ணு ஆறிட்டா?"

"எல்லாம் அண்ணாச்சி புண்ணியம். அவிய குடுக்க சத்து மாத்திரைதான். ஒம்பது நாளா தெனம் ஒண்ணு. மூணாம் நாளே கஞ்சி குடிச்சேன். இன்னைக்கு முறுக்கு!"

கஸ்பார் கூச்சத்தோடு காதைச் சொறிந்தார். "காலையில நீ வைக்கறத சட்டைப் பையில போட்டுக்கிட்டு வருவேன். எனக்குத்தான் ஒண்ணும் செய்யலியே. நமக்குக் கேட்டது அவளுக்கும் கேக்காதான்னு பாத்தேன். கேட்டுட்டு பாரு."

நம் ஊரில் இது ஒரு குற்றமா? தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்து வரைக்கும் நாம் கைமாற்றிக்கொள்கிறவர்கள்தானே. கஸ்பாரின் காரியத்தில் ஜசிந்தாவுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. மாத்திரை கேட்கிறது, இவர்தான் பாதி வேளையை விட்டுவிட்டார். நோய் முற்றவில்லை. பேருந்தில் வரும்போது அவர் தோளில் ஒரு குத்துக்கூட விட்டாள்.

"இனிமே குடுக்காதிய. ரெண்டும் ஒங்களுக்குத்தான்."

"சத்து மாத்திரைதானட்டி. நான் ரெண்டு மீனு கூடத் தின்னா சரியாப் போகும்."

அப்போதுதான் அவளுக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. அந்த இரண்டு வரிகள் என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தாள். குப்பையில் தேடினாள், இரண்டு வாரக் குப்பை எப்போதோ போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை, கஸ்பாரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் சுலைஹாவின் அறைக்குப் போனாள்.

"சும்மா ஒரு சந்தேகம் டாக்டர். ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் போட்டா என்ன ஆகும்?"

"லேபிள்ல சிவப்பாப் போட்டிருக்கே, படிக்கலையா?"

"எழுத்து பொடியா இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மாத்திரை ஒரு போர்வை மாதிரிம்மா. ஒங்க வீட்டுக்காரர் ஒடம்புல எது நல்லது எது கெட்டதுன்னு அதுக்கு அடையாளம் சொல்லிக் குடுத்திருக்கோம். நல்லத மட்டும் போத்தும். கட்டிய வெளியில விட்டுரும். கதிர் வந்து கட்டிய எரிக்கும். வேற ஆளு ஒடம்புக்குள்ள போனா அதுக்கு அங்க யாரையும் தெரியாது. எல்லாத்தையும் போத்திரும்."

"கட்டியையுமா?"

"கட்டியையும்தான். புண்ணு ஆறிரும், வலி போயிரும். அந்த ஆளுக்கு சொகமாத்தான் இருக்கும். ஆனா அன்னைக்கு வச்ச கரண்டு வீண். முப்பது நாளும் அப்பிடியே போயிட்டா, சிகிச்சை முடிஞ்சுதுன்னு நாங்களும் எழுதி அனுப்பிருவோம். கட்டி உள்ளுக்குள்ள பத்திரமா வளரும்." டாக்டர் நிறுத்தினார். "யாரு போட்டது?"

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஜசிந்தா கணப்பொழுதில் பார்த்துவிட்டாள். கஸ்பாரைக் கூப்பிடுவார்கள். எத்தனை நாள் கொடுத்தாய் என்பார்கள். ஏன் கொடுக்கக் கூடாது என்று அவர் கேட்பார். பிறகு அண்ணன் படுத்த கட்டில்.

"யாரும் இல்ல டாக்டர். சும்மாதான் கேட்டேன்."

வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். கரண்டு அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே யார் என்று மாடசாமியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன் கையில் விசிறி இல்லை. பெஞ்சில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எத்தனை நாளைக்குப் பிறகோ. நேற்றுவரை ஒன்பது மாத்திரை. இன்று காலையிலும் கஸ்பாரின் பையில் ஒன்று இருந்ததா? அவள் பார்க்கவில்லை. உள்ளே இயந்திரம் ஒரு கட்டியைச் சுடுகிறது, அந்தக் கட்டி போர்வைக்குள் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது. போர்த்திவிட்டது கஸ்பார் இல்லை, நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சுரண்டிய கை இது.

சிவப்பு விளக்கு அணைவதற்குள் திரும்ப ஓடிப்போய் டாக்டரின் கதவைத் தள்ளினாள். தட்டவில்லை.

கஸ்பாரிடம் சொல்லும் வேலையை டாக்டரிடம் விட அவள் சம்மதிக்கவில்லை. கஸ்பாரை டாக்டரின் அறைக்கே வரவழைத்து, டாக்டர் முன்னால் நின்றுகொண்டு சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். டப்பாவில் இருப்பது சத்து மாத்திரை இல்லை என்றாள். தாளைச் சுரண்டியதையும் சொன்னாள். கஸ்பார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அழுவார் என்று நினைத்தாள், கத்துவார் என்று நினைத்தாள். அவர் தன் தொண்டையைக்கூடத் தொடவில்லை.

"அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றார் டாக்டரிடம்.

"போன வாரம் எடுத்த படத்துல கட்டி சுருங்கவே இல்ல. ஏன்னு தெரியாம முழிச்சிக்கிட்டிருந்தோம். இன்னைக்கும் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"பத்து நாள் போச்சு. ஆனா இப்பவாவது தெரிஞ்சுதே. மொதல்லேர்ந்து வைக்கலாம். அன்னைக்கு அவசரத்துல விட்டுப்போச்சு, அவங்களுக்கான மாத்திரைக்கு இன்னைக்கே ரத்தம் எடுக்கறேன். ஆனா அது வர்ற மூணு வாரமும் வலிய அவங்க தாங்கித்தான் ஆகணும்."

கஸ்பார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஏட்டி, எங்கண்ணன் பயந்தவன். நானும் பயந்தவன்னே வச்சிக்கோ. பயந்து படுத்திருந்தாலும் நான் மட்டுந்தான படுத்திருப்பேன்? நீ சொல்லியிருந்தா அந்த மாத்திரைய நான் குடுத்திருப்பனா?"

ஜசிந்தா வெளியே போய், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த மாடசாமியை எழுப்பினாள்.

உள்ளே வந்த மாடசாமியிடம் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கஸ்பாரை அடிக்கப் போகிறான் என்று ஜசிந்தா பயந்தாள். அவன் கஸ்பார் பக்கமே திரும்பவில்லை. டாக்டரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதிய."

டாக்டர் பேச்சித்தாயின் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அதே கட்டம். அதில் டிக்குக்குப் பதிலாக, மாடசாமி கைநாட்டு மாதிரி அழுத்தமாகப் போட்டிருந்த ஒரு பெருக்கல் குறி.

"பல்லு வேருல சீழுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா கெணத்துல விழுந்திருவா. எங்கம்மா மேல சத்தியமா விழுந்திருவா."

"அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "கேக்காம நானாச் சொல்லவும் முடியாது. கையெழுத்து உங்களோடது."

மாடசாமி கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, மாத்திரை தீந்துட்டுன்னு சொல்லிருங்க. அது போதும்."

கஸ்பார் ஜசிந்தாவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அடுத்த ஒரு வாரம் கஸ்பார் ஒழுங்காகச் சாப்பிட்டார், ஒழுங்காகத் தூங்கினார். ஜசிந்தா பயந்த கட்டிலில் படுக்கவே இல்லை. அவளிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை எடுத்து வைத்தால் விழுங்குவதற்கு முன்னால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அது அவளுக்கு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

பேச்சித்தாய்க்கு முதலிலிருந்து கரண்டு வைத்தார்கள். ஏழாம் நாள் துண்டு மறுபடி வாய்க்கு வந்துவிட்டது. சுவர் ஓரத்தில் சுருண்டிருந்தவள், கஸ்பாரைக் கண்டதும் தவழாத குறையாக எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி..." துண்டுக்குள்ளிருந்து வார்த்தை குழறியது. "ஒண்ணே ஒண்ணு."

கஸ்பார் தரையைப் பார்த்தார். "தீந்துட்டு தாயி."

"வாங்கித் தாங்க அண்ணாச்சி. எந்தக் கடையின்னு சொல்லுங்க, இவிய போவாவ."

"கடையிலயும் தீந்துட்டு."

அத்தனை பெரிய ஏலக்காரர், ஒரு பொய்யை எத்தனை மோசமாகச் சொன்னார். மாடசாமி விசிறியை வேகமாக வீசினான். பேச்சித்தாய் அவரைக் கஞ்சன் என்று நினைத்திருப்பாள். பிறகு பக்கத்து பெஞ்சுக்குத் திரும்பினாள். அங்கே நரம்புச் சுளுக்குக்கு வந்திருக்கும் ஓர் அம்மாள், பக்கத்தில் அவள் மகள்.

"எக்கா, ஒங்களுக்கும் சத்து மாத்திரை தாராவளா?"

"ஆமா, தெனம் ரெண்டு."

"எனக்கு ஒண்ணு தருவியளா? வாயி எரியுது."

"அதுக்கென்ன தாயி. எனக்கு இது போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்" என்று அந்த அம்மாள் பையைத் திறந்தாள். மகளின் முகம் வெளிறியது. அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அம்மாவிடம் என்னவென்று சொல்லித் தடுப்பது? திறந்த வாயை மூடிக்கொண்டாள். கைப்பைக்குள்ளிருந்து டப்பா வெளியே வந்தது. லேபிள் இல்லாத டப்பா.

ஜசிந்தா மாடசாமியைப் பார்த்தாள். அவன் விசிறியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். சொல்லாதே என்று உதடு மட்டும் அசைந்தது. சொன்னால் அவள் கிணற்றில் விழலாம். சொல்லாவிட்டால் இந்தக் கூடத்தில் இருபது டப்பா இருக்கிறது, நாளைக்கு இன்னொருவர் கொடுப்பார், நாளை மறுநாள் இன்னொருவர். இவள் முறுக்கு தின்றுகொண்டே சாவாள்.

"போடாத!" ஜசிந்தா எழுந்துவிட்டாள். "பேச்சித்தாயி, அதப் போடாத. அது சத்து மாத்திரை இல்ல. எங்க வீட்டுக்காரவிய குடுத்ததும் சத்து மாத்திரை இல்ல. அவியளுக்குத் தொண்டையில புத்துநோயி. நான்தான் காய்ப்புன்னு பொய் சொன்னேன். அது அந்த நோய்க்குக் கரண்டு வைக்கவுகளுக்குக் குடுக்க மாத்திரை. ஒருத்தருக்குச் செஞ்சத இன்னொருத்தர் போட்டா வலி போயிரும், நோயி போவாது. இங்க யாரும் யாருக்கும் குடுக்காதிய!"

பேச்சித்தாய் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு நின்றாள். மாடசாமியின் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மாத்திரையை அந்த அம்மாளின் கையில் திரும்ப வைத்தாள். அந்த அம்மாள் அதை வாங்கிக்கொண்டு தன் மகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

கஸ்பார் எழுந்து வந்து ஜசிந்தாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு வாரத்தில் அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் பையை அவிழ்க்கும் சத்தம் அங்கங்கே கேட்டது. ஒவ்வொருவராகத் தங்கள் டப்பாக்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் சளிக் கட்டிக்காக வந்திருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்த தன் மகனின் முழங்காலைத் தட்டினார்.

"எல, அப்போ எனக்கு என்னல?"